இரவு பத்து மணிச் சாப்பாடும் நெஞ்செரிச்சலும்

மும்பைத் தமிழர் வீடுகளில் யாருக்காவது நெஞ்சு எரிந்தால் முதலில் பழி விழுவது மிளகாய் மேல்தான். அடுத்தது புளி, அப்புறம் வெளியில் தின்ற வடா பாவ். ஒரு வாரம் வீட்டில் காரமில்லாத சமையல் நடக்கும். எரிச்சல் தணிந்த மாதிரி இருந்துவிட்டுப் பழையபடி வந்து நிற்கும். கடைசியில் மெடிக்கல் ஷாப்பில் ஒரு அட்டை மாத்திரை வாங்கித் தினமும் ஒன்று போட ஆரம்பிப்பார்கள், அது வருஷக்கணக்கில் ஓடும். தாராவி, சயான், செம்பூர், முலுண்ட், டோம்பிவ்லி என்று எந்தப் பக்கம் விசாரித்தாலும் இப்படி ஒருவராவது இருப்பார்.

அந்தப் பழி சரியான இடத்தில் விழவில்லை என்பது என் எண்ணம். நாள்பட்ட நெஞ்செரிச்சலில் என்ன சாப்பிட்டோம் என்பதற்கும் பங்கு உண்டு. ஆனால் ஒரே வேளையில் எவ்வளவு சாப்பிட்டோம், சாப்பிட்ட எத்தனை நேரத்தில் படுத்தோம் என்பவை அதைவிடப் பெரிய விஷயங்கள். மும்பையில் வேலைக்குப் போய்வரும் ஒருவருடைய நாள், நல்ல பசி, பெரிய சாப்பாடு, உடனே படுக்கை என்று எல்லாவற்றையும் இரவு பத்து மணிக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. அங்கே கை வைக்காமல் ரசத்தில் மிளகைக் குறைத்துப் பெரிய பலன் இல்லை.

உடம்புக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தைத் தாண்டி இறங்கி இரைப்பையோடு சேர்கிறது. சேரும் இடத்தில் மூன்று, நான்கு சென்டிமீட்டருக்கு ஒரு வளையத் தசை. விழுங்கும்போது திறக்கும், மற்ற நேரங்களில் இறுக மூடியிருக்கும். உதரவிதானமும் வெளியிலிருந்து அதைச் சுற்றிப் பிடித்து உதவுகிறது. இரைப்பையின் அமிலம் கடுமையானது, அதன் பிஎச் (இந்த எண் குறையக் குறைய அமிலம் கடுமை) பொதுவாக 1.5 முதல் 3.5 வரை இருக்கும். அதைத் தாங்க இரைப்பையின் உட்சுவரில் தடித்த சளிப்படலம் இருக்கிறது. உணவுக்குழாய்க்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

வளையம் கெட்டுப்போய் எப்போதும் திறந்தே கிடப்பதால்தான் அமிலம் மேலே வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு நிலைமை அப்படியில்லை. நாம் எதையும் விழுங்காதபோதும் அந்த வளையம் அவ்வப்போது பத்து வினாடிக்கு மேல் தானாகத் தளர்ந்து பிறகு மூடும். ஏப்பம் வெளியேற உடம்பு செய்து வைத்திருக்கும் வழி அது, எல்லோருக்கும் நடப்பதுதான். இரைப்பை விரிய விரிய இந்தத் தளர்வுகள் அதிகமாகும். வயிறு முட்டச் சாப்பிட்டால் வளையம் அடிக்கடி திறக்கும் என்று புரிந்துகொண்டால் போதும். உதரவிதானத்தைத் தாண்டி இரைப்பையின் ஒரு பகுதி மார்புக்குள் ஏறி நிற்கும் ஹயாட்டஸ் ஹெர்னியா உள்ளவர்களுக்கு மட்டும் பிரச்சினை இதைவிடக் கூடுதலாக இருக்கும்.

இன்னொரு சங்கதி 2001-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர ஆய்வாளர்கள் வெளியிட்டது. சாப்பாடு வயிற்றில் விழுந்ததும் அமிலத்தின் வீரியம் குறைந்துவிடும் என்பது அதுவரை இருந்த பொது நம்பிக்கை. அவர்கள் கண்டது வேறு. சாப்பிட்ட பிறகு புதிதாகச் சுரக்கும் அமிலத்தில் ஒரு பகுதி உணவோடு கலக்காமல், அதற்கு மேலே, வளையத் தசைக்கு நேர் கீழே தேங்குகிறது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே எரிச்சல் ஏன் வருகிறது என்பதற்கு இது நல்ல விளக்கம்.

நிமிர்ந்து இருக்கும் வரை இதனால் பெரிய சேதம் இல்லை. மேலே வந்த அமிலம் தானாகக் கீழே இறங்கிவிடும். மிச்சத்தை நாம் விழுங்கும் எச்சில் கழுவிவிடும், எச்சிலில் அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் இருக்கிறது. தூங்கும்போது எச்சில் சுரப்பு மிகவும் குறைந்துபோகிறது, விழுங்குவதும் அபூர்வம். உடம்பு கிடையாக இருப்பதால் இறக்கமும் இல்லை. அதனால்தான் பகலில் சீக்கிரம் கழுவப்பட்டுவிடும் அமிலம் இரவில் நெடுநேரம் அங்கேயே நிற்கிறது. புளித்த நீர் தொண்டைக்கு எதுக்களித்து நடு இரவில் எழுந்து உட்கார்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

இப்போது நம் நாளைப் பார்ப்போம். குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கு எழுந்திருக்க வேண்டும். வெறும் வயிற்றில் ஒரு டீ. அவசரத்தில் இரண்டு இட்லியோ போஹாவோ. மதியம் ஒன்றரைக்கு டப்பா. மாலை ஐந்துக்கு ஒரு கட்டிங் சாய், கூட ஏதாவது பிஸ்கட். பிறகு சிஎஸ்எம்டியிலோ சர்ச்கேட்டிலோ ரயில் பிடித்து வீடு போய்ச் சேரும்போது ஒன்பதோ ஒன்பதரையோ ஆகியிருக்கும். மதியத்திலிருந்து எட்டு மணி நேரம் சரியாகச் சாப்பிடாத வயிறு. சோறு, குழம்பு, பொரியல், தயிர் என்று நாளின் பெரிய சாப்பாடு அப்போதுதான். காலையில் சீக்கிரம் எழ வேண்டுமே என்று பதினொன்றுக்குள் படுக்கை. திட உணவு இரைப்பையை விட்டு முழுதாக இறங்கச் சுமார் நான்கு மணி நேரம் ஆகும், எண்ணெய் கூடினால் இன்னும் தாமதமாகும். படுக்கும்போது வயிறு அநேகமாக நிறைந்தே இருக்கிறது.

படுப்பதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடிக்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டு நெறிகள் பலவும் சொல்வது. டாக்டர்களும் நல்ல எண்ணத்தில் “ஏழரைக்குச் சாப்பிட்டுவிடுங்கள்” என்கிறார்கள். அந்த நேரத்தில் அந்த மனிதர் குர்லாவுக்கும் தாணேவுக்கும் நடுவே ரயிலில் நின்றுகொண்டிருப்பார். வீட்டார் எல்லோரும் ஒன்றாக உட்காருவதும் இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும்தான். அதை விட்டுவிடச் சொல்வது நியாயமும் இல்லை, யாரும் கேட்கப்போவதும் இல்லை.

செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இரவுச் சாப்பாட்டை இரண்டாகப் பிரித்து, பெரிய பங்கை மாலை ஆறு, ஆறரைக்கு நகர்த்துவது. காலையில் டப்பா கட்டும்போதே இரண்டாவதாக ஒரு சின்ன டப்பா சேர்த்துக் கட்டிவிடலாம். இரண்டு சப்பாத்தி, கொஞ்சம் பொரியல், அல்லது மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. ஆபீஸை விட்டுக் கிளம்பும் முன் அதைச் சாப்பிட்டுவிட வேண்டும். கட்டிவர முடியாதவர்களுக்கு மாட்டுங்காவிலும் சயானிலும் இட்லிக்குப் பஞ்சம் இல்லை. ரயிலில் ஒரு மணி நேரம் நின்றுகொண்டே போவது இந்த விஷயத்தில் நமக்கு அனுகூலம்தான், வயிறு தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். வீட்டில் எல்லோருடனும் உட்கார்ந்து ஒரு தோசையோ, ஒரு சின்னக் கிண்ணம் தயிர்சாதமோ சாப்பிட்டால் போதும். முதலில் சில நாட்கள் குறைவாகச் சாப்பிட்ட மாதிரி தோன்றும். மாலைச் சாப்பாடு சரியாக இருந்தால் அது சீக்கிரம் பழகிவிடும்.

மலாடிலும் ஐரோலியிலும் இரவுப் பணி செய்பவர்களுக்கும் கணக்கு இதுதான், கடிகாரம் மட்டும் மாறும். காலை ஏழுக்கு வீடு வந்து, பொங்கலும் வடையும் வயிறு நிறையச் சாப்பிட்டு எட்டுக்குப் படுத்தால், மற்றவர்கள் இரவில் படும் அவஸ்தையை இவர்கள் பகலில் படுவார்கள். பெரிய சாப்பாட்டைப் பணிக்கு நடுவிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

இங்கே ஒருவரைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுப் பத்தரைக்கு மேல் மிச்சம் மீதியைச் சேர்த்துச் சாப்பிடும் அம்மா. சாப்பிட்ட கையோடு குனிந்து பாத்திரம் தேய்த்து, தரையைத் துடைத்து, அப்படியே பாயில் சாய்ந்துவிடுவார். நிறைந்த வயிற்றோடு குனிவதும் உடனே படுப்பதும் எதுக்களிப்புக்கு நேர் வழி. “எனக்கு எப்பவும் இருக்கிறதுதானே” என்று அவர் சொல்லிவிட்டுப் போவதை நாமும் கேட்டுக்கொண்டு இருந்துவிடுகிறோம். பிள்ளைகள் எட்டு மணிக்குச் சாப்பிடும்போது அவரும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட வேண்டும். தாமதமாக வருபவர் தானே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டுத் தன் தட்டைத் தானே கழுவ வேண்டும். எந்த மாத்திரையும் தர முடியாத நன்மை இதில் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

அடுத்தது படுக்கை. காசு செலவில்லாமல் இன்று இரவே தொடங்கக்கூடியது இடது பக்கமாகப் படுப்பது. இரைப்பை உடம்பின் இடப்பக்கம் வளைந்து கிடக்கிறது. இடது பக்கம் திரும்பிப் படுத்தால் வளையத் தசை மேலேயும் அமிலம் கீழேயும் அமைகிறது. வலது பக்கம் படுத்தால் தலைகீழ், வளையம் அமிலத்தில் முழுகியிருக்கும். தூக்கத்தில் புரள்வோம்தான், இருந்தாலும் சாப்பிட்ட பிறகு வரும் முதல் சில மணி நேரம் இடப்பக்கம் கிடந்தாலே வித்தியாசம் தெரியும்.

தலைப்பக்கத்தை உயர்த்துவது இன்னொரு வழி. கட்டில் இருந்தால் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் கீழே மரக்கட்டையோ செங்கல்லோ வைத்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்தினால் வேலை முடிந்தது. பத்துக்குப் பத்து கோலியில், அதாவது ஒற்றை அறை வீட்டில், தரையில் பாய் விரித்துத் தூங்குபவர்கள் என்ன செய்வது? பாய்க்கு அடியில் மடித்த ரஜாய்களை (தடித்த போர்வைகளை) இடுப்பிலிருந்து தலைவரை சரிவாக ஏறிப் போகும்படி அடுக்கலாம். சரிவாக வெட்டிய ஃபோம் மெத்தையும் கடைகளில் கிடைக்கிறது, பகலில் சுவரோரம் சாய்த்து வைத்துவிடலாம். தலையணை மேல் தலையணை போடுவது மட்டும் உதவாது. கழுத்து மடங்கும், வயிறும் மடங்கி உள்ளே அழுத்தம் கூடும். உயர வேண்டியது இடுப்புக்கு மேல் உள்ள உடம்பு முழுவதும்.

வயிற்றின் மேல் வெளியிலிருந்து விழும் அழுத்தமும் ஒரு காரணம். இறுக்கிப் போடும் பெல்ட், சேலை நிற்பதற்காக இழுத்துக் கட்டும் உள்பாவாடை நாடா இரண்டும் சாப்பிட்ட பிறகு தளர வேண்டியவை. உள்ளிருந்து அழுத்துவது தொப்பை. அமெரிக்கச் செவிலியர்களை நீண்ட காலம் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2006-இல் வெளியானது. பருமன் இல்லாதவர்களாக இருந்தாலும் எடை ஏறியபோது அவர்களுக்கு எதுக்களிப்பும் கூடியது. உடல் நிறை குறியீட்டெண் (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் பிஎம்ஐ) 3.5 குறைந்தவர்களிடம் அடிக்கடி நெஞ்செரிச்சல் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்திருந்தது. ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவருக்கு இது பத்து கிலோ அளவுக்கு வரும். கை கால் ஒல்லியாக இருந்து வயிறு மட்டும் முன்னால் நிற்பது நம்மவர்களிடம் சாதாரணம். அதனால் எடையைவிட இடுப்பை அளப்பது நல்லது. தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது தாண்டக் கூடாத அளவு.

அதே மாதிரி செவிலியர்களிடம் நடந்த இன்னொரு ஆய்வு 2021-இல் வந்தது. சரியான எடை, புகை பிடிக்காமை, தினமும் அரை மணி நேர உடற்பயிற்சி, டீ காபி குளிர்பானம் எல்லாம் சேர்த்து நாளுக்கு இரண்டு கோப்பைக்குள், காய் கனி தானியம் நிறைந்த சாப்பாடு என்ற ஐந்தையும் எல்லோரும் கடைப்பிடித்தால் எதுக்களிப்பு அறிகுறிகளில் சுமார் 37 சதவீதத்தைத் தடுத்திருக்கலாம் என்பது அதன் கணிப்பு. இந்த ஐந்தில் மும்பைக்காரர்களுக்கு உறைக்க வேண்டியது டீ. கட்டிங் சின்னக் கிளாஸ்தானே என்று ஆறு ஏழு போய்விடுகிறது. காலை டீயை வெறும் வயிற்றில் குடிக்காமல் சிற்றுண்டிக்குப் பிறகு தள்ளிப் பாருங்கள்.

சாப்பாட்டு வகைகளைப் பற்றி எனக்கு அதிகம் சொல்லத் தோன்றவில்லை. மிளகாய் ஏற்கெனவே புண்ணான குழாயில் எரிச்சலை அதிகமாக உணர வைக்கும், அதனால் எரிச்சல் உள்ளவர் காரத்தைக் குறைப்பது சரி. எண்ணெயில் பொரித்தது, சாக்லேட், புதினா, மது போன்றவை பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஆனால் ஒருவருக்கு ஆகாதது மற்றவருக்கு ஒன்றும் செய்யாது. ஒருவருக்குப் புளித்த மாவு தோசை, இன்னொருவருக்கு எலுமிச்சை, வேறொருவருக்குப் பச்சை வெங்காயம். இரண்டு வாரம் ஒரு நோட்டில் சாப்பிட்டது, நேரம், படுத்த நேரம், எரிச்சல் வந்த நேரம் எல்லாவற்றையும் எழுதி வைத்தால் உங்களுக்கு ஆகாதது எது என்று தெரிந்துவிடும். அதை மட்டும் விடுங்கள். புளி, காரம், வெங்காயம், தக்காளி என்று எல்லாவற்றையும் ஒரேயடியாக விலக்கி, சாப்பாட்டையே வெறுத்துப்போகும் நிலைக்குத் தள்ளப்படுபவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. குளிர்ந்த பால் அப்போதைக்கு இதமாக இருக்கும். ஆனால் பாலும் அமிலத்தைச் சுரக்க வைக்கும் என்பதால் படுக்கப்போகும் முன் ஒரு பெரிய டம்ளர் குடிக்க வேண்டாம்.

புகையிலை வளையத் தசையைத் தளர்த்துகிறது. மகாராஷ்டிராவில் 2012-இலேயே குட்காவுக்குத் தடை வந்துவிட்டது, ஆனாலும் புகையிலையும் பாக்கும் கலந்த மாவாவை மெல்லும் பழக்கம் போகவில்லை. நெஞ்செரிச்சலுக்காக மட்டுமல்ல, எதற்காகப் பார்த்தாலும் விட வேண்டியது அது.

மூச்சுப் பயிற்சி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். உதரவிதானம் வளையத்தைச் சுற்றிப் பிடிக்கிறது என்றேன் அல்லவா, அதுவும் ஒரு தசைதான், பயிற்சியால் வலுவாகும். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் நடந்து 2012-இல் வெளியான சிறிய ஆய்வில், வயிறு எழும்பி இறங்கும்படி மூச்சு விடப் பழகியவர்களுக்கு அமிலம் ஏறுவது குறைந்தது. வெறும் வயிற்றில் தினமும் கொஞ்ச நேரம் செய்யலாம். சாப்பிட்ட உடனே சூரிய நமஸ்காரம், குனிந்து நிமிரும் ஆசனங்கள், ஜிம்மில் எடை தூக்குவது கூடாது. சொசைட்டி வளாகத்தில் நிதானமாக நடப்பது நல்லது.

இனி மாத்திரை. பான்டோப்ரசோல், ஒமெப்ரசோல், ராபெப்ரசோல் எல்லாம் ஒரே வகை. இரைப்பைச் சுவரில் அமிலத்தை வெளியேற்றும் பம்புகளை அவை அடைக்கின்றன. சாப்பிடும்போதுதான் அந்தப் பம்புகள் முழு வேகத்தில் வேலை செய்யும், அந்த நேரத்தில் மருந்து ரத்தத்தில் இருக்க வேண்டும். அதனால் சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும். சாப்பிட்டுவிட்டோ, படுக்கும்போதோ போட்டால் பாதிப் பலன் போய்விடும். இரவில்தான் தொல்லை என்றால் டாக்டரிடம் கேட்டு இரவுச் சாப்பாட்டுக்கு முன்பு மாற்றிக்கொள்ளலாம். வழக்கமாக எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பார்கள், வருஷக்கணக்கில் தொடர்வதாக இருந்தால் அதற்கு ஒரு காரணம் வேண்டும். உணவுக்குழாய் கடுமையாகப் புண்ணானவர்களுக்கும், இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடும் சிலருக்கும் அந்தக் காரணம் உண்டு. அவர்கள் பயந்துபோய்த் தாமாக நிறுத்தக் கூடாது.

நிறுத்தும்போது இன்னொரு சிக்கல் வரும். 2009-இல் டென்மார்க்கில், எந்தத் தொல்லையும் இல்லாத ஆரோக்கியமானவர்களுக்கு எட்டு வாரம் இந்த வகை மருந்தைக் கொடுத்து நிறுத்தினார்கள். அடுத்த சில வாரங்களில் அவர்களில் 44 சதவீதம் பேருக்கு அமிலத் தொல்லை வந்தது. ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத வெறும் மாத்திரை கொடுக்கப்பட்டவர்களில் 15 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. அடைபட்டிருந்த சுரப்பு எதிர்வேகத்தில் கிளம்புவதே காரணம். “நிறுத்தினால் எரிகிறது, அதனால் எனக்கு வாழ்நாள் முழுக்க வேண்டும்” என்று பலர் முடிவுக்கு வருவது இந்தச் சில வாரங்களில்தான். அளவைப் படிப்படியாகக் குறைத்து, இடையில் எரிந்தால் அமிலத்தை முறிக்கும் திரவ மருந்தை எடுத்துக்கொண்டால் கடந்துவிடலாம். டொம்பெரிடோன் சேர்ந்த மாத்திரைகளை மட்டும் டாக்டர் சொல்லாமல் நாள் கணக்கில் போட வேண்டாம். இதயத் துடிப்பின் ஒழுங்கைப் பாதிக்கக்கூடியது என்பதால் 2014-இல் ஐரோப்பிய மருந்து முகமை அதன் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஈனோ போன்ற பொங்கும் பொடிகளில் சோடியம் அதிகம், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் தினசரிப் பழக்கமாக்கக் கூடாது. ரத்தக் கொதிப்புக்குச் சாப்பிடும் ஆம்லோடிபின் போன்ற மருந்துகளும் சிலருக்கு வளையத்தைத் தளர்த்தும். அதை டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மார்பில் பாரம் வைத்தது போன்ற வலி, கை அல்லது தாடைக்குப் பரவுதல், வியர்வை, மூச்சுத் திணறல், படியேறும்போது கூடுவது இவற்றில் எது இருந்தாலும் கேஸ் என்று நினைத்துச் சோடா குடித்துக் காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைத்து, இசிஜி எடுக்கும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும். மாரடைப்பையும் நெஞ்செரிச்சலையும் வீட்டில் உட்கார்ந்து பிரித்தறிய முடியாது.

விழுங்குவதில் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்த வாந்தி, தார் போலக் கறுப்பாக மலம் போவது, ரத்தசோகை இவை இருந்தால் வாழ்க்கை முறையை மாற்றிப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல், வாய் வழியாகக் கேமரா உள்ள குழாயை இறக்கிப் பார்க்கும் எண்டோஸ்கோபி செய்ய வேண்டும். சயான், பரேல் கேஇஎம், நாயர் ஆகிய மாநகராட்சி ஆஸ்பத்திரிகளிலும் அந்த வசதி இருக்கிறது. வேறு அறிகுறி இல்லாமல் மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் எட்டு வாரத்தில் அடங்காதவர்களும் போய்ப் பார்க்க வேண்டும். எண்டோஸ்கோபியில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்தால் நோயே இல்லை என்று அர்த்தம் ஆகாது, எதுக்களிப்பு உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கண்ணுக்குத் தெரியும் புண் இருப்பதில்லை. அப்போது மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை இறக்கி 24 மணி நேரம் அமிலத்தை அளக்கும் பிஎச் சோதனை உண்டு. அதில் அமிலமே ஏறவில்லை என்று தெரிந்தால், உணவுக்குழாயின் நரம்புகள் கூடுதல் கூர்மையாக உணர்வது காரணமாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எவ்வளவு கூட்டினாலும் பெரிதாக உதவாது, சிகிச்சையே வேறு.